டாலர் வந்தாலே ஜிஎஸ்டி எடுக்கணுமா?

கேள்வி: என் ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். வயது 19. புதுச்சேரியில் அறை எடுத்துப் படிக்கிறேன். இரண்டு வருடமாக மீன் சமையல், மாடித்தோட்டம் பற்றித் தமிழில் பிளாக் எழுதுகிறேன். பிளாக்கில் விளம்பரம் காட்டுவதற்குக் கூகுள் ஆட்சென்ஸில் மாதம் 20,000 ரூபாய் அளவுக்கு வருகிறது. பொருட்களைப் பரிந்துரைப்பதற்குக் கமிஷனாக மூவாயிரம், நாலாயிரம் தனி. ஆரம்பிக்கும்போது எனக்கு 18 ஆகவில்லை என்பதால் ஆட்சென்ஸ், வங்கிக் கணக்கு எல்லாம் அம்மா பெயரில். அம்மா சின்னதாக ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். இங்கே கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஒருவர், 'டாலர் வந்தாலே ஜிஎஸ்டி கட்டாயம், எடுக்காவிட்டால் பேங்க் அக்கவுண்டை முடக்கிவிடுவார்கள், இரண்டு மாநிலம் என்பதால் இரண்டு நம்பர் வேண்டும்' என்கிறார். ஒரு நம்பருக்கு 6,500 ரூபாய், மாதாமாதம் 1,000 தனி. முன்பணம் 2,000 கொடுத்துவிட்டேன். ஆதார், பான் நகலும் கொடுத்திருக்கிறேன். அவர் சொல்வது சரியா சார்?

பதில்: சரியில்லை. நீங்கள் சொல்லும் வருமானத்துக்கு ஒரு ஜிஎஸ்டி நம்பரே தேவையில்லை, இரண்டு எங்கிருந்து வந்தது? மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அவர் பேச்சில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதனால்தான் பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். கூகுள் உங்களுக்கு வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறது. சட்டப்படி நீங்கள் சேவை ஏற்றுமதி செய்கிறீர்கள். ஏற்றுமதியை மாநிலம் தாண்டிய விற்பனையோடு சேர்த்துத்தான் பார்ப்பார்கள். மாநிலம் தாண்டினால் ஒரு ரூபாய் வியாபாரம் என்றாலும் பதிவு எடு என்று 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது விதி இருந்தது. அதே வருடம் அக்டோபர் 13-ம் தேதி, சேவை தருபவர்களுக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை அந்தக் கட்டாயம் வேண்டாம் என்று அறிவிப்பு போட்டு விலக்கிவிட்டார்கள். மூன்றரை மாதம் உயிரோடு இருந்த விதி அது. அதை வைத்து இன்றுவரை பிழைப்பு நடத்துகிறார்கள்.

உங்கள் வரவு மாதம் 24,000 என்றால் வருடத்துக்கு மூன்று லட்சத்துக்குள். 20 லட்சத்துக்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது. அந்த 20 லட்சத்தை ஒரு பான் எண்ணுக்கு இந்தியா முழுவதும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். வீடு கடலூரில், அறை புதுச்சேரியில் என்பதால் எதுவும் இரட்டிப்பாகாது. மாநில எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறும், சேவைக்கான இந்த வரம்பு மாறாது. (பொருள் விற்பவர்களுக்கு மட்டும் தமிழ்நாட்டில் 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம் என்று வித்தியாசம் உண்டு. அது உங்களுக்கு வேண்டாம்.)

இப்போது நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உறுத்துவது அதுதான். அம்மாவின் ஃபேன்சி ஸ்டோர்.

கடைக்கு ஜிஎஸ்டி நம்பர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லை என்றால் கவலையில்லை, கடை விற்பனையும் பிளாக் வரவும் சேர்ந்து 20 லட்சத்துக்குள் இருந்தால் போதும். நம்பர் இருந்தால் கதையே வேறு. ஆட்சென்ஸ் அம்மாவின் பான் எண்ணில் இருக்கிறது. அப்படியானால் கூகுள் அனுப்புகிற பணமும் அந்தக் கடையின் ஜிஎஸ்டி கணக்கில் ஏற்றுமதியாகக் காட்டப்பட வேண்டும். வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய எல்யூடி என்று ஓர் உறுதிமொழிப் பத்திரத்தை ஒவ்வொரு நிதியாண்டும் ஜிஎஸ்டி இணையதளத்தில் (போர்ட்டலில்) போட வேண்டும். செலவில்லை, பத்து நிமிட வேலை. ஆனால் போடாமல் விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அதைவிடச் சிக்கலானது, கடை காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால். விற்பனையில் ஒரு சதவீதம் வரி கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று சின்னக் கடைக்காரர்கள் எடுக்கிற திட்டம் அது. அதில் இருப்பவர் மாநிலம் தாண்டி எதையும் விற்கக் கூடாது, சேவையும் அதில் அடங்கும். நூறு டாலர் விளம்பரப் பணம் அதே பான் எண்ணில் வந்தாலும் விதிப்படி அந்தத் திட்டத்தில் நீடிக்க முடியாது. வளையலும் பொட்டும் விற்கிற அம்மாவை மகளின் மீன் குழம்புப் பதிவு சாதாரண வரிமுறைக்குத் தள்ளிவிடும். விசித்திரம்தான், சட்டத்தை எழுதியவர்கள் ஒரே வீட்டில் இரண்டு தொழில் நடக்கும் என்று யோசித்ததாகவே தெரியவில்லை. ஆகவே இன்று மாலை அம்மாவிடம் போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கடை போர்டில் ஜிஎஸ்டி எண் எழுதியிருக்கிறதா, அதோடு 'காம்போசிஷன்' என்ற வார்த்தையும் இருக்கிறதா?

எப்படி இருந்தாலும் ஆட்சென்ஸை உங்கள் பெயருக்குக் கொண்டுவருவதுதான் நல்லது. வேலை செய்வது நீங்கள், பணம் சேர்வது இன்னொருவர் கணக்கில் என்று தொடர்ந்தால் வருமான வரியில் விளக்கம் சொல்லியே அலுத்துப்போகும். ஆட்சென்ஸ் கணக்கை வேறொருவருக்குக் கைமாற்ற முடியாது. பழைய கணக்கில் நிற்கிற பணம் அம்மாவுக்கு வந்து சேரும்வரை பொறுத்திருந்து, அதை மூடிவிட்டு, உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பியுங்கள். பத்து டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். அறை முகவரி வேண்டாம், தபால்காரருக்கு உங்கள் பெயர் தெரிந்த கடலூர் வீட்டு முகவரியைக் கொடுங்கள். வங்கியில் 'எதற்கான பணம்' என்று கேட்டால் விளம்பர வருமானம், பி1007 என்ற குறியீடு என்று சொல்லுங்கள். கவுன்ட்டரில் இருப்பவர் விழித்தால் அந்நியச் செலாவணி பார்க்கும் கிளைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

இதைச் சொல்லும்போதே இன்னொரு எச்சரிக்கை. 'அப்ரூவல் கிடைத்த ஆட்சென்ஸ் அக்கவுண்ட் ரெடியாக இருக்கிறது, ஐயாயிரம்தான்' என்று வாட்ஸ்அப்பில் வருவார்கள். வாங்காதீர்கள். ஆட்சென்ஸில் சேர கூகுள் ஒரு பைசா கேட்பதில்லை. விலைக்கு வாங்கிய கணக்கு எந்த நாள் வேண்டுமானாலும் மூடப்படும், அதில் சேர்ந்த பணமும் போகும். உன் விளம்பரத்தை நான் அழுத்துகிறேன், என் விளம்பரத்தை நீ அழுத்து என்கிற குழுக்களும் அப்படித்தான். தமிழ்ப் பக்கங்களுக்கு ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில்தான் திறந்தது. அதற்காக எத்தனை வருடம் காத்திருந்தோம் என்பது அப்போது எழுதிக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியும். கிடைத்ததைப் பத்து ரூபாய் கிளிக்குக்காகத் தொலைப்பது வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

அப்புறம், உங்கள் பிளாக்கின் டொமைன், அதாவது இணைய முகவரி, யார் பெயரில் இருக்கிறது? கேள்வியில் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். என்னிடம் வந்த ஒரு பையன் மூன்று வருடம் எழுதி நல்ல பெயர் எடுத்தான். டொமைனை வாங்கிக் கொடுத்தவர் அதைத் தன் மெயிலில், தன் பெயரில் பதிந்திருந்தார். வருடப் புதுப்பிப்புக்கு எண்ணூறு, ஆயிரம் ஆகிற இடத்தில் பன்னிரண்டாயிரம் கேட்டார். கொடுக்க மாட்டேன் என்றதும் தளம் ஒரே ராத்திரியில் காணாமல் போனது. ரசீது இல்லை, பையன் பெயரில் எதுவுமே இல்லை, எங்கே போய்ப் புகார் கொடுப்பது? டொமைன், ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் இடம்), ஜிமெயில், ஆட்சென்ஸ் நான்கும் உங்கள் மெயிலில், உங்கள் செல்போன் எண்ணில் இருக்க வேண்டும். இதில் அண்ணன், மாமா, நண்பன் என்று பார்க்காதீர்கள்.

'உத்யம்' என்கிற சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் எடுத்துத் தருகிறேன் என்று இரண்டாயிரம் கேட்பவர்களும் உண்டு. அரசு இணையதளத்தில் அது இலவசம். அரசு முத்திரை மாதிரியே படம் போட்ட தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கின்றன, அதை யாரும் கேட்பதில்லை.

சரி, ஜிஎஸ்டி எடுத்து வைத்தால் என்ன நஷ்டம், சும்மா இருக்கட்டுமே என்று தோன்றலாம். எடுத்த நாளிலிருந்து வியாபாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜிஎஸ்டி துறைக்குக் கணக்கு (ரிட்டர்ன்) போட வேண்டும். பூஜ்யக் கணக்கைத் தாமதித்தால்கூட நாளுக்கு 20 ரூபாய், ஒரு கணக்குக்கு அதிகபட்சம் 500. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, தேவையே இல்லாமல் நம்பர் எடுத்துவிட்டு, எடுத்துக் கொடுத்தவர் மாதாமாதம் போடுவார் என்று நம்பிப் பதினொரு மாதம் சும்மா இருந்தான். ஒரு ரூபாய் வரி இல்லாத ஆளுக்கு ஐயாயிரத்துக்கு மேல் தாமதக் கட்டணம். அதைக் கட்டி, பதிவை ரத்து செய்ய விண்ணப்பம், அதற்கு ஒரு கேள்வி, பதில், கடைசியில் இறுதிக் கணக்கு என்று ஒரு தனி யாகம். உள்ளே நுழைய ஒரு கதவு, வெளியே வர ஒன்பது கதவு. இத்தனைக்கும் பதிவுக்கு அரசு கட்டணம் எதுவும் வாங்குவதில்லை.

வங்கிக் கணக்கு முடங்கும் என்பது வெறும் பூச்சாண்டி. ஜிஎஸ்டி எடுக்கவில்லை என்று உங்களைப் போன்றவர்களின் கணக்கை யாரும் முடக்குவதில்லை. இந்த வயதுப் பிள்ளைகளின் கணக்கு முடங்குவது பெரும்பாலும், 'உன் கணக்கில் பணம் போடுகிறேன், எடுத்துக் கொடு, கமிஷன் தருகிறேன்' என்பவனிடம் சிக்கும்போதுதான்.

நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டியது வருமான வரி. 2025-26 கணக்குப்படி புதிய முறையில் நான்கு லட்சம் வரை வரி கிடையாது. பன்னிரண்டு லட்சம் வரை தள்ளுபடி உண்டு, ஆனால் நான்கைத் தாண்டிவிட்டால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். வரி இல்லை என்றால் ரிட்டர்னும் வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் அதிகம். உங்கள் தொகைக்குக் கட்டாயமில்லை, ஆனாலும் போடுங்கள். கமிஷன் தரும் நிறுவனங்கள் வரி பிடித்துக்கொண்டு அனுப்பினால் அதைத் திரும்பப் பெற வேறு வழியில்லை. நாளைக்கு லேப்டாப் கடனுக்குப் போனாலும் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். டிஜிட்டலாக வந்த வரவில் ஆறு சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சலுகை கமிஷன் வருமானத்துக்குப் பொருந்தாது. ஆகவே ஆட்சென்ஸ் பணத்தையும் கமிஷன் பணத்தையும் தனித்தனியாக ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஹோஸ்டிங், நெட் செலவு ரசீதுகளையும் அதே நோட்டில் செருகி வையுங்கள்.

கடைசியாக, கொடுத்துவிட்ட ஆதார், பான் நகல்கள். ஜிஎஸ்டி போர்ட்டலில் 'பான் மூலம் தேடு' என்று ஓர் இடம் உண்டு, உள்நுழையத் தேவையில்லை. உங்கள் பான் எண்ணையும் அம்மாவின் பான் எண்ணையும் போட்டுப் பாருங்கள். தெரியாத நம்பர் ஏதாவது வந்தால் பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு துறையில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள், நாள் கடத்தாதீர்கள். அடுத்தவர் பான் எண்ணில் நம்பர் எடுத்துப் போலி பில் போடுகிற கூட்டம் இருக்கிறது. மாதம் ஒருமுறை இந்தத் தேடலைச் செய்யுங்கள். அந்த சென்டர்காரர் போன் செய்து 'ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க' என்றால் சொல்லாதீர்கள். 2,000 ரூபாயைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். தருவார் என்று நான் சொல்ல மாட்டேன்.