கொல்லையில் கிடைத்த கல்: கேள்வி பதில்

கேள்வி: அரியலூர் பக்கம் எங்கள் ஊர். கிணறு வெட்டிய மண்ணில் ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட கல் ஒன்று கிடைத்தது. படம் அனுப்பியிருக்கிறேன். நத்தையா சார்?

பதில்: நத்தை இல்லை தம்பி, அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரியின் ஓடு, கல்லாகிப்போனது. கணவாய் மீனுக்குத் தூரத்து உறவு. ஓரம் உடைந்த இடத்தைப் பாருங்கள், சுவர் வைத்தது போல அறை அறையாகத் தெரிகிறது. கடைசி அறையில்தான் அந்த உயிரி குடியிருந்தது. மற்ற அறைகளில் காற்று, அதனால் மிதக்க முடிந்தது. ஓடு உரிந்த பக்கத்தில் நெளிநெளியாகக் கோடுகள் ஓடுகின்றன அல்லவா? உள்சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடம் அது. எந்த இனம் என்று கண்டுபிடிக்க அந்தக் கோடுதான் பெரிய துணை. தயவுசெய்து கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், ஆசிட் ஊற்றவே ஊற்றாதீர்கள். உங்கள் ஊர் அன்று கடலடி. டைனோசர்கள் அழிந்த அதே காலத்தில், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், அம்மோனைட்டுகளும் அழிந்தன.

கேள்வி: பெரம்பலூர் பக்கம் எங்கள் வயலில் உருண்டைக் கல் நிறைய கிடக்கிறது. டைனோசர் முட்டை என்கிறார்களே?

பதில்: 2020-ல் உங்கள் மாவட்டத்துக் குன்னத்திலும் இதே பேச்சுதான் பரவியது. முட்டை இல்லை அம்மா. சிப்பியோ அம்மோனைட்டோ நடுவில் இருக்க, அதைச் சுற்றித் தாதுக்கள் படிந்து இறுகிய உருண்டை. முட்டை என்றால் மெல்லிய ஓடும் அதில் நுண்ணிய துளைகளும் இருக்கும்.

கேள்வி: கருப்புக் கல், நல்ல கனம், காந்தம் ஒட்டுகிறது. விண்கல்லா?

பதில்: மேலெல்லாம் குமிழ் ஓட்டை தெரிகிறதே, இரும்பு உருக்கிய கசடு அது. விண்கல்லில் அப்படிக் குமிழ் இருப்பது மிக அரிது.

கேள்வி: கல்லைப் பிளந்தால் உள்ளே பெரணிச் செடி!

பதில்: அழகாக இருக்கிறது, ஆனால் செடி இல்லை. விரிசலில் மாங்கனீசு கசிந்து படிந்த கோலம். நரம்பும் தண்டும் இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள்.

கேள்வி: மரப்பட்டை போன்ற கல் துண்டு. யாரிடம் காட்டலாம்?

பதில்: கல்மரமாக, அதாவது மண்ணில் புதைந்து கல்லாகிப்போன மரமாக இருக்கலாம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒன்று படுத்திருக்கிறது, ஒருமுறை போய்ப் பாருங்கள். அரியலூர் பக்கம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திலோ பக்கத்துக் கல்லூரி நிலவியல் துறையிலோ காட்டலாம். போகும்போது ஒட்டிய மண்ணைக் கழுவாமல், எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். அந்த மண்ணில் கண்ணுக்குத் தெரியாத கடலுயிர் ஓடுகள் இருந்தால், படிவின் வயதை அவற்றை வைத்தே சொல்லிவிடுவார்கள்.