வாய்வழி உணவே இல்லை, பிறகு ஏன் நிமோனியா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 71. பக்கவாதத்தில் இடப்பக்கம் செயலிழந்துவிட்டது. மூன்று மாதமாக மூக்குக்குழாய் வழியாகத்தான் கஞ்சியும் பாலும் கொடுக்கிறோம். அதற்குள் இரண்டு முறை நிமோனியா வந்துவிட்டது. வாயில் எதுவுமே கொடுக்காதபோது எப்படிப் புரையேறும்?

பதில்: புரையேற உணவு வேண்டியதில்லை, எச்சிலே போதும். நாள் முழுவதும் ஊறும் எச்சிலை நாம் நினைக்காமலேயே விழுங்கிவிடுகிறோம். தொண்டைத் தசைகள் தளர்ந்த உங்கள் தந்தைக்கு அதில் ஒரு பங்கு மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். இத்தகையவர்களில் பலருக்கு இருமல்கூட வராது. தூக்கத்தில் இப்படிப் புரையேறினால் யாருக்கும் தெரியாது.

மென்று தின்பவரின் வாய் ஓரளவு தானே கழுவிக்கொள்ளும். குழாய் உணவில் அது நின்றுபோக, நாக்கில் மாவு அப்பியதுபோல் படிவு கட்டுகிறது. அதிலுள்ள கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குப் போகின்றன. "சாப்பிடவே இல்லையே, பல் எதற்குத் துலக்க வேண்டும்?" என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். சாப்பிடாததால்தான் துலக்க வேண்டும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் பல் துலக்கிவிடப்பட்டவர்களில் 11 சதவீதத்தினருக்கு நிமோனியா வந்தது. மற்றவர்களில் 19 சதவீதத்தினருக்கு.

தினமும் குறைந்தது இரண்டு முறை, நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்துத் துலக்குங்கள். முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கன்னத்தின் கீழ் துண்டு விரியுங்கள். குழந்தைகளுக்கான மென்மையான பிரஷை நனைத்து உதறிக்கொள்ளுங்கள். பற்பசை துளி போதும். இடக் கன்னத்தின் உட்பக்கத்தை மறக்காதீர்கள்: அங்கே உணர்வு குறைவாக இருக்கலாம், எது தேங்கினாலும் அவருக்குத் தெரியாது. நாக்கையும் மெதுவாகத் தேய்த்து, ஈரத் துணியால் எல்லாவற்றையும் துடைத்தெடுங்கள். பற்களுக்கு நடுவே மட்டும் விரலை விடாதீர்கள், கடித்துவிடுவார். பல்செட் இருந்தால் இரவில் கழற்றிவிடுங்கள்.

வாய் கொப்பளிக்கச் சொல்ல வேண்டாம். நல்லெண்ணெய் கொப்பளிப்பு, வாய் உலர்கிறதே என்று ஸ்பூனில் தண்ணீர், இரண்டும் கூடவே கூடாது. எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் அதுவே தனி நிமோனியா. உதடு காய்ந்தால் ஈரத் துணியால் ஒற்றுங்கள்.

குழாயில் உணவு கொடுக்கும்போதும் அதன் பிறகு அரை மணி நேரமும் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்கட்டும். மூன்று மாதம் ஆகிவிட்டதால், விழுங்கும் திறனை மீண்டும் சோதித்துப் பார்க்கும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சிலருக்கு இதற்குள் அது திரும்பியிருக்கும். வேகமாக மூச்சு வாங்கினாலோ, தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்டாலோ, வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்கி வழிந்தாலோ, காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் நிமோனியா வரும்.