முல்த்தே எங்கே பழுக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள்

தம்பி,

உங்கள் கேள்வியை வாசித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு பாவமாகவும் இருந்தது. வட நோர்வேயின் ஃபின்மார்க் மாகாணத்தில், வாட்சோவில் முதியோர் இல்ல வேலைக்கு வந்து எட்டு மாதம். ஜூலைக் கடைசியிலிருந்து கூட வேலை செய்கிற சனம் முழுக்க முல்த்தே, முல்த்தே என்றே கதைக்கிறது; சதுப்பில் காய்க்கிற காட்டுப் பழம், ஆங்கிலத்தில் கிளவுட்பெரி. சாப்பாட்டு அறையில் நீங்கள் "எங்கே போய்ப் பறிக்கிறீர்கள்?" என்று கேட்டதும் எல்லோரும் கோப்பியைக் குனிந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு அக்கா மட்டும் இரக்கப்பட்டு ஒரு கரண்டி தந்தார். புளிப்பு, பல்லிடுக்கெல்லாம் விதை. "இதில் அப்படி என்ன இருக்கிறது? நான் ஏதும் பிழையாகக் கேட்டுவிட்டேனா? நானும் போய்ப் பறிக்கலாமா?" என்று எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். ஓம், பிழையாகத்தான் கேட்டுவிட்டீர்கள். இந்த நாட்டில் பக்கத்து வீட்டுக்காரரின் வருமானம் எவ்வளவு என்று வரிப் பட்டியலில் தேடிப் பார்க்கலாம். அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் அவர் முல்த்தே பறிக்கும் சதுப்பு எது என்று அவருடைய மருமகனுக்குக்கூடத் தெரியாது. பயப்பட ஒன்றுமில்லை, புதிதாக வந்த எல்லோரும் கேட்கிற கேள்விதான். நாளைக்கு அதே அறையில் "இந்த வருஷம் முல்த்தே வருஷமா?" என்று கேட்டுப் பாருங்கள். வாயே திறக்காத ஆள் அரை மணித்தியாலம் கதைப்பார். ஜூன் மாதக் குளிர், மழை, காற்று, போன வருஷம், அதற்கு முந்தின வருஷம், எல்லாம் வரும். இடம் மட்டும் வராது.

ருசியைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி சரி. நான் 1988 இல் வந்தேன். அந்தக் காலத்தில் ஃபின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளில் எங்கள் பெடியள் நிறையப் பேர். நாங்கள் நாலு பேர் ஒரு வீட்டில் இருந்தோம். அடுத்த ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா நடக்கப் போனபோது ஒரு சதுப்பு நிலம் முழுக்கச் செக்கச் செவேலென்று பழம். ஆட்களைக் காணவில்லை. வெள்ளைக்காரர் கண்ணில் படாத புதையல் எங்களுக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்து இரண்டு வாளி நிரப்பினோம். கல்லு மாதிரி இருந்தது. பழுக்கட்டும் என்று விட்டுவிட்டு, திங்கட்கிழமை ஒரு டப்பாவில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பெருமையாக வேலைக்குப் போனோம். மீன் வெட்டும் மேசையில் எனக்குப் பக்கத்தில் நிற்கிற கிழவி டப்பாவைத் திறந்து பார்த்தார். "கார்த்" என்று ஒரே ஒரு சொல். அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

கார்த் என்றால் காய். இந்தப் பழம் மற்றப் பழங்களுக்குத் தலைகீழ். சிவப்பாக இருந்தால் காய். பழுக்கப் பழுக்கச் சிவப்பு வெளுத்து, பொன் மஞ்சளாகி, விரல் பட்டால் நசுங்குகிற அளவுக்கு இளகிவிடும். காயாக இருக்கும்போது அடியிலுள்ள பச்சை இதழ்கள் அதை இறுகப் பொத்திப் பிடித்திருக்கும். பழுத்ததும் இதழ் பின்பக்கம் மடங்கும், பழம் தொட்டதும் கழன்று கையில் வரும். இழுக்க வேண்டியிருந்தால் விட்டுவிட்டு வாருங்கள், அது உங்களுக்கு அல்ல. வட நோர்வேயில் முல்த்தேக் காய் பறிக்கக் கூடாது என்று முன்பு சட்டமே இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். சட்டம் போனாலும் கிழவிகளின் முகம் மாறவில்லை. வன்னியில் பாலைப்பழத்துக்காகக் கொப்பையே வெட்டிச் சாய்க்கிறவனை ஊர் எப்படிப் பார்க்குமோ, அப்படித்தான் பார்ப்பார்கள்.

உங்களுக்குக் கரண்டியில் தந்தது கொஞ்சம் முந்திப் பறித்ததாக இருக்கலாம். நன்றாகப் பழுத்ததை அந்த இடத்திலேயே நின்று வாயில் போட்டுப் பாருங்கள். எனக்கு அது விளாம்பழம். பழுத்து, உள்ளே லேசாகப் புளித்து, உடைத்தவுடன் மூக்கில் ஏறுமே ஒரு வாசம், அதுக்குக் கிட்டத்தட்ட வரும். கொஞ்சம் தேன், கொஞ்சம் புளிப்பு, பின்னால் ஒரு கள்ளு வாசம். விதை பெரிதுதான், அதுக்கு மருந்து கிடையாது. விளாம்பழத்தைச் சீனி போட்டுக் குழைத்துச் சாப்பிட்ட ஆளுக்கு, முல்த்தேயை அடித்த கிறீமும் சீனியும் போட்டுக் குழைத்துத் தருகிற முல்த்தேக்கிறேம் விளங்காமல் போகாது. நத்தார் இரவில் இங்கே பல வீடுகளில் அதுதான் கடைசிச் சாப்பாடு. மெல்லிய குரும்காக்கே என்கிற மொறுமொறு கூட்டுக்குள் நிரப்பித் தருவார்கள்.

சரி, ஏன் இந்தப் பைத்தியம்?

ஒரு தண்டுக்கு ஒரு பூ. ஒரு பூவுக்கு ஒரு பழம். அவ்வளவுதான். சொந்தத்தில் இது ராஸ்பெரிக்குத் தங்கச்சி முறை. ஆனால் ராஸ்பெரி மாதிரி கொத்துக் கொத்தாகக் காய்க்காது. கணுக்கால் உயரத்துக்கு ஒரு தண்டு, அதன் நுனியில் ஒன்று. எடை ஒன்றிரண்டு கிராம். ஒரு கிலோ சேர்க்க எத்தனை நூறு தரம் குனிய வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இடுப்புக்கு வயது வந்துவிட்டது என்று எனக்குச் சொன்னதே இந்தப் பழம்தான். புளூபெரி பறிக்கிற சீப்புப் பெட்டி இதுக்கு உதவாது, கையால்தான்.

அதற்கு மேல் இன்னொரு கூத்து. இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பனை மாதிரி. ஆண்பனை எவ்வளவு வடிவாக நின்றாலும் நுங்கு தராது என்பதை எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கே சிக்கல் என்னவென்றால் செடி நிலத்துக்கு அடியில் வேர்த்தண்டு விட்டு மீற்றர் கணக்கில் பரவும். ஆகவே ஒரு பெரிய பரப்பு முழுக்க ஒரே செடியாக, முழுக்க ஆணாக இருக்கலாம். ஜூனில் வெள்ளை விரித்த மாதிரிப் பூத்திருக்கும். நம்பி ஓகஸ்ட்டில் வாளியோடு போனால் வெறும் இலை. பெண் செடியாக இருந்தாலும், பக்கத்தில் ஆண் வேண்டும், பூக்கிற அந்தச் சில நாட்களில் ஈயும் வண்டும் பறக்கிற அளவுக்கு வெயில் வேண்டும். அந்தக் கிழமையில் ஒரு இரவு உறைபனி விழுந்தால் அந்த வருஷம் போச்சு. ஜூனில் இங்கே உறைபனி விழுவது உங்களுக்கு இன்னும் அதிர்ச்சியாக இருக்கும், பழகிவிடும்.

இப்போது அந்த இரகசியம் ஏன் என்று விளங்குகிறதல்லவா? நல்ல சதுப்பு என்பது வரைபடத்தில் பார்த்துக் கண்டுபிடிக்கிற ஒன்றல்ல. எது பெண், எது காற்றுக்கு மறைவு, எந்தச் சரிவில் உறைபனி தங்காது என்று ஒரு குடும்பம் பல வருஷம் நடந்து படித்த பாடம் அது. அதைச் சாப்பாட்டு அறையில் ஓசியில் கேட்டால் எப்படி?

தோட்டத்தில் வளர்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். முயன்றிருக்கிறார்கள். ஃபியெல்குல், ஃபியூர்குல் என்று பெண் வகைகளும், அப்போல்த்தோ, அப்போலென் என்று ஆண் வகைகளும் இந்த நாட்டு ஆராய்ச்சியாளர்கள் தெரிந்தெடுத்து வைத்திருக்கிறார்கள். "குல்" என்றால் தங்கம், பெயரிலேயே ஆசை தெரிகிறது. ஆனாலும் இன்றைக்கும் சந்தைக்கு வருவது பெரும்பாலும் காட்டுப் பழம்தான். அதனால்தான் கிலோ நூற்றுக்கணக்கான குரோனர். மோசமான வருஷத்தில் விலையைப் பார்த்தால், மாதச் சம்பளம் எடுத்தவுடன் போகிற கடையிலும் கை பின்னுக்கு வரும்.

பழைய காலக் கதை ஒன்றும் இருக்கிறது. ஃபின்மார்க்கில் அப்பிள் மரம் பார்த்தீர்களா? இந்தக் குளிரில் பழம் என்றால் சனத்துக்கு இருந்தது நிலத்தில் ஊர்கிற பெரிகள்தான். முல்த்தேயில் விற்றமின் சி நிறைய, அதனால் பல்லீறு வீங்கி இரத்தம் கசிகிற ஸ்கேவி நோய்க்குக் கடலோடிகள் இதை நம்பினார்கள். இயற்கையாகவே பென்சோயிக் அமிலமும் இருப்பதால் சீனி இல்லாமலே தன் சாற்றிலேயே குளிரில் மாதக்கணக்காகக் கெடாமல் கிடக்கும். சீனி வாங்க வழியில்லாத வீட்டுக்கும் ஒரு பீப்பாய் முல்த்தே இருந்தால் மாரி காலம் தாண்டிவிடலாம். இந்த வடக்கின் ஆதிக்குடிகளான சாமி மக்களின் மொழியில் இதற்கு லுவோமி என்று பெயர். கரஷோக் பக்கத்துச் சாமிக் குடும்பங்களுக்கு ஓகஸ்ட் என்றாலே இதுதான் வேலை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஃபின்லாந்தில் ஹில்லா, லக்கா என்பார்கள். அங்கே எல்லையோர ஊரான நுவோர்காமுக்குச் சாமான் வாங்கப் போகும்போது, ஒருதரம் கார்டை விட்டுவிட்டுக் காசாகக் கொடுத்து மிச்சம் வாங்குங்கள். ஃபின்லாந்தின் இரண்டு யூரோ நாணயத்தில் இருப்பது இந்தப் பூவும் பழமும்தான்.

மூன்றாவது கேள்வி, நீங்கள் பறிக்கலாமா. தாராளமாக. 2005 இல் வந்த ஃபின்மார்க் சட்டத்தால் இங்குள்ள நிலத்தில் மிகப் பெரும் பகுதி, 46,000 சதுர கிலோமீற்றர் அளவு, ஃபின்மார்க்ஸ் எய்யென்டொம்மன் என்கிற அமைப்பின் கைக்கு வந்தது. அந்த நிலத்தில் முல்த்தே பறிக்க ஃபின்மார்க்கில் குடியிருக்கிற எல்லோருக்கும் உரிமை உண்டு. பிறந்த இடம், கடவுச்சீட்டு ஒன்றும் கேட்க மாட்டார்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் வீட்டுத் தேவைக்கு மட்டும் பறிக்கலாம். ஒஸ்லோவிலிருந்து வருகிற துரைக்கு இல்லாத உரிமை உங்களுக்கு இருக்கிறது, நினைத்துச் சந்தோஷப்படுங்கள். தனியார் நிலத்தில் மட்டும் கவனம். வடக்கே இருக்கிற மூன்று மாகாணங்களிலும் முல்த்தே நிலத்துக்காரர் பறிக்காதே என்று சொன்னால் பறிக்க முடியாது. அப்போதும் அந்த இடத்தில் நின்று சாப்பிடலாம், வாளியில் கொண்டுவரத்தான் தடை. இந்தச் சட்டத்தை எழுதியவர் நல்ல மனிசன்.

போகும்போது முழங்கால் வரை வருகிற றப்பர் பூட்ஸ், மூடியுள்ள வாளி, தலைக்கு வலை. நுளம்பைவிட க்னொத் என்கிற பொடிப் பூச்சி மோசம், கண்ணுக்குத் தெரியாது, காதுக்குள் போகும். திசைகாட்டி கட்டாயம். கடற்புகார் ஏறினால் பத்து நிமிஷத்தில் ஒன்றும் தெரியாது, குனிந்து குனிந்து பறித்த ஆளுக்கு எந்தப் பக்கத்தால் வந்தோம் என்பதே மறந்திருக்கும். எனக்கு ஒருதரம் அப்படி நடந்து, நாலு மணித்தியாலம் ஒரு கல்லில் இருந்து வாளியில் பாதியைத் தின்றேன்.

வீட்டில் கழுவ வேண்டாம், கழுவினால் கூழாகிவிடும். இலை குப்பை பொறுக்கிவிட்டுச் சின்னப் பெட்டிகளில் ஃபிறீசரில் போடுங்கள். எங்கள் வீட்டில் ஒருதரம் பாயாசத்தில் போட்டுப் பார்த்தோம், பால் திரிந்து குப்பைக்குப் போனது. வட்டிலப்பத்துக்கு மேலே ஒரு கரண்டி வைத்தால், தம்பி, அது வேறு கதை. பக்கத்து வீட்டு நோர்வேக்காரர் அதுக்காகவே எங்கள் வீட்டுக்கு நத்தாருக்கு வருகிறார்.

என் இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எங்கே என்று இல்லாமல். அந்த "கார்த்" கிழவிதான் தந்தார். ஐந்தாறு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் நின்று மீன் வெட்டினோம். புருஷன் செத்துப்போய், முழங்காலும் விட்டுப்போன ஒரு ஓகஸ்ட்டில், காரைக் கொண்டுவா என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை, அதற்குள் படித்திருந்தேன். ஒரு வளைவில் நிறுத்தச் சொல்லி, காரை விட்டு இறங்காமல், கைத்தடியால் காட்டினார். அந்த மேட்டுக்குப் பின்னால், இரண்டாவது குளத்துக்கு இடப்பக்கம். நான் ஒரு வாளியோடு திரும்பி வரும்வரை காரிலேயே இருந்தார். அதில் முக்கால்வாசி அவருக்கு. அவர் போன பிறகும் நான் அந்த வளைவில் காரை நிறுத்துவதில்லை. அரைக் கிலோமீற்றர் தள்ளி நிறுத்திவிட்டு நடக்கிறேன், பார்க்கிறவர்களுக்குத் தெரியக்கூடாதல்லவா.

அங்கே உங்களைக் கூட்டிக்கொண்டு போக மாட்டேன். கோபிக்க வேண்டாம். ஆனால் அடுத்த ஓகஸ்ட் முதல் கிழமை வாருங்கள், வீதிக்குக் கிட்டே எல்லோருக்கும் தெரிந்த ஒரு சதுப்பு இருக்கிறது. முந்திப் போகிறவர்கள் வாரி எடுத்திருப்பார்கள், இரண்டு பேருக்கு அரை வாளி தேறும். எது பழம் எது கார்த் என்று காட்டித் தருகிறேன். பூட்ஸ் இப்போதே வாங்கி வையுங்கள், ஓகஸ்ட்டில் அளவு கிடைக்காது.