கட்டணப் பாக்கியும் வழக்குக் கட்டும்

கேள்வி: என் வழக்கறிஞர் வாய்தாத் தேதியைக்கூடச் சொல்வதில்லை. வேறொருவரை அமர்த்த முயன்றால், கட்டணப் பாக்கியைத் தீர்க்காமல் வழக்குக் கட்டைத் தர முடியாது என்கிறார். இது முறையா?

பதில்: முறையன்று. கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்துவைக்கும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என்றும், கேட்டும் தராமலிருப்பது தொழில்முறைத் தவறே என்றும் இந்திய உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துள்ளது. பாக்கி உண்மையானால் அதை அவர் சட்டப்படி தனியே வசூலிக்கலாம். அதற்கு உங்கள் மூலப் பத்திரங்கள் பணயமாகக் கூடாது. கட்டைத் திருப்பித் தருமாறு ஒப்புகையுடன் கடிதம் அனுப்பி, அதன் நகலைப் பத்திரப்படுத்துங்கள். அப்போதும் மறுத்தால், 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான மாநில பார் கவுன்சிலில் தயங்காமல் புகார் அளியுங்கள். ஓராண்டுக்குள் அங்கே விசாரணை முடியாவிட்டால், அது இந்திய பார் கவுன்சிலுக்கு மாற்றப்படும்.