வடிவம் மாறும் துணிக்கைகளும் வந்தாறுமூலை அனுமதியும்

அன்பின் ஐயா,

களுவாஞ்சிகுடியிலிருந்து நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி மருத்துவ பீடத்துக்குப் போதாமல், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் விஞ்ஞானப் பட்டப்படிப்புக்குத் தெரிவாகியுள்ள மகள், வடிவம் மாறும் பல்பகுதியத் (பொலிமர், அதாவது சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள்) துணிக்கைகளைப் பற்றி ஆய்வு செய்யப்போவதாகச் சொல்வதை, மூன்றாம் முறை உயர்தரப் பரீட்சை எழுதாதிருப்பதற்கான சாக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அவர் பேசுவது கற்பனையன்று. 2010ஆம் ஆண்டில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் சமீர் மித்ரகோத்ரியின் ஆய்வுக்குழு, தட்டையான நீள்வட்டத் துணிக்கைகளை உருவாக்கியது. வெப்பநிலையோ அமிலத்தன்மையோ மாறும்போது, அல்லது ஓர் இரசாயனப் பொருளைச் சேர்க்கும்போது, அவை உருண்டையாயின. சேம்பிலைத் தண்ணீரைத் துளியாகத் திரட்டும் மேற்பரப்பு இழுவிசை துணிக்கையையும் உருட்டப் பார்க்கிறது. பல்பகுதியத்தின் பிசுக்குமை, அதாவது இளகி ஓட மறுக்கும் தன்மை, அதைத் தடுத்து நிற்கிறது. வெப்பநிலை, அமிலத்தன்மை மாற்றம் போன்ற தூண்டல் இந்தச் சமநிலையைக் குலைத்துவிடுகிறது. அந்நியப் பொருள்களை விழுங்கும் வெண்குருதிக் கலங்கள், நீள்வட்டமாயிருந்தபோது விழுங்காத துணிக்கைகளை, உருண்டையானதும் விழுங்கின. மருந்தைச் சுமக்கும் துணிக்கை எப்போது கலத்தினுள் நுழைய வேண்டும் என்பதை வடிவத்தைக் கொண்டே தீர்மானிக்கலாம் என்பதுதான் இதன் பெறுமதி. மருத்துவம் கைநழுவியது என்று வருந்தும் உங்களுக்கு, அதன் இன்னொரு வாசல் இங்கே இருப்பது தெரிய வேண்டும்.

ஆனால் வடிவம் மாறும் துணிக்கைகள் என்ற பெயரில் இளமாணிப் பட்டப்படிப்பைத் தேடாதீர்கள். கிடைத்த அனுமதியை ஏற்று, பாடத்தெரிவில் இரசாயனவியலைக் கைவிடாமல், நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குத் தகுதி பெறுவதே அவருடைய முதல் இலக்காக இருக்கட்டும். இந்த ஆய்வில் கணிதமும் பௌதிகமும் அதிகம் வரும்; உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்காத பிள்ளை என்பதால், முதல் வருடத்திலேயே அந்தக் குறையை நிரப்பத் தொடங்க வேண்டும்.

வேலையைப் பற்றி நேராகவே சொல்கிறேன். இத்துறைக்கென மட்டக்களப்பில் தொழில் காத்திருக்கவில்லை. வெளிநாட்டில் நிதியுதவியுடன் கலாநிதிப் பட்டம் முடிப்பவர்களுக்கே அது முழுமையாகத் திறக்கும். அது கைகூடாவிட்டாலும், டயர், கையுறை உற்பத்தி போன்ற நம் நாட்டு இறப்பர்த் தொழிற்றுறை பல்பகுதியம் தெரிந்த இரசாயனப் பட்டதாரிக்குப் பொருத்தமான இடம். பெரும்பாலும் மேல்மாகாணத்தில் தங்க நேரிடும் என்பதை மட்டும் இப்போதே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

ஒரு சிறு சோதனையும் உண்டு. குழந்தைகளுக்கான டயப்பரினுள் இருக்கும் நீருறிஞ்சும் தூளில் மகள் தண்ணீர் ஊற்றிப் பொங்கச் செய்யட்டும். பின் உப்புத் தூவட்டும். கூழ் சுருங்கி நீரைக் கக்கும். ஏன் என்று அவர் இரவு முழுக்கக் குடைந்தால், மூன்றாம் முறைப் பரீட்சைப் பேச்சை நீங்கள் விட்டுவிடலாம்.