உள்ளூர் எண்ணிலிருந்து மோசடி அழைப்பு வருவது எப்படி?

அம்மாவின் கைப்பேசியில் சிங்கப்பூர் எண் தெரிந்தும் பேசியவன் மோசடிக்காரன் என்கிறீர்கள். கடித உறையில் அனுப்புநர் முகவரியை யார் பெயரிலும் எழுதலாம், அஞ்சல்காரர் சரிபார்ப்பதில்லை. இதுவும் அதே கதைதான். இணையவழி அழைப்பில், அழைப்பவர் எண் என்பது மென்பொருள் நிரப்பி அனுப்பும் வெறும் ஒரு கட்டம். அதில் இட்டதை வழியிலுள்ள தொலைபேசி நிறுவனங்கள் பல நேரங்களில் அப்படியே கடத்திவிடுகின்றன.

இங்கே சிங்கப்பூரில் 2020 முதல் வெளிநாட்டு அழைப்புகளுக்கு முன்னால் கூட்டல் குறி சேர்க்கப்படுகிறது. தேக்கா சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கும்போது, சிங்கப்பூரின் நாட்டுக் குறியீடான 65 கூட்டல் குறியோடு '+65' என்று திரையில் மின்னி, "காவல்துறையிலிருந்து பேசுகிறோம்" என்றால் தயங்காமல் துண்டியுங்கள். உள்ளூர் அழைப்புக்கு அந்தக் குறி வராது. (ஜொகூர் போன உங்கள் மாமா ரோமிங்கில் அழைத்தாலும் வரலாம், அவரைத் திட்டிவிடாதீர்கள்.) சந்தேகமிருந்தால் மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799ஐ அழைத்துக் கேட்கலாம்.