ஆட்டோ டாப்-அப் வைத்த பிறகு கிரிஸ்டல் இறால் சாகுது: பதில்

ஆட்டோ டாப்-அப், அதாவது இறால் தொட்டியில் குறையுற தண்ணீரைத் தானா ஊத்துற பம்ப்பைக் குறை சொல்லாதீங்க, அது ஊத்துற தண்ணீர்தான் வில்லன். ஆவியாகிறது வெறும் தண்ணீர். உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கிடும். அதுக்கு மேல குழாய்த் தண்ணீரையே ஊத்தினா, நீங்க சொன்ன மாதிரி டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) 130லிருந்து 220க்கு ஏறத்தான் செய்யும். டாப்-அப்புக்கு ஆர்ஓ தண்ணீர் (உப்பை வடிகட்டியது) மட்டும். தாது உப்பு கலந்தது தண்ணீர் மாத்தும்போதுதான்: வாரம் 10%, சொட்டுச் சொட்டா.

குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி வாளியில் வைத்தாலும் பயனில்லை. பியூபி (சிங்கப்பூர் தண்ணீர் வாரியம்) தண்ணீரில் இருக்கிற கிருமிநாசினி குளோரமின்; குளோரின் மாதிரி லேசில் பறக்காது.

குழாய் முனை நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. மேலேயே நிற்கட்டும். மூழ்கினா, பம்ப் நின்றதும் தொட்டித் தண்ணீர் கீழே இருக்கிற வாளிக்குத் திரும்பி வீட்டுத் தரைக்கு வந்துடும். நீர்மட்டம் ஏறினதும் பம்ப்பை நிறுத்துற மிதவை மேல நத்தை உட்கார்ந்தா பம்ப் நிக்கவே நிக்காது. மிதவையைச் சுத்தி வலை கட்டுங்க, பம்ப் நிக்காட்டியும் ரொம்ப ஊத்தாம இருக்க வாளியில் 2 லிட்டருக்கு மேல வைக்காதீங்க.